காணாத கால்களின் ஓசை

பத்தாம் வகுப்பு மாணவி, ‘அ’ பிரிவு

திரைப்படம் பார்க்க அமரும்போது நாம் கண்களையே பெரிதும் நம்புகிறோம். கதாநாயகி படியிறங்கி வருகிறாள். அவள் செருப்பின் ஓசை கேட்கிறது. குதிரை ஓடுகிறது, குளம்பொலி கேட்கிறது. கதவு திறக்கிறது, சேலை சரசரக்கிறது, கண்ணாடிக் குவளை மேசையின்மீது வைக்கப்படுகிறது. அந்தந்த ஓசை அந்தந்த நொடியில் நம் காதில் வந்து விழுகிறது. இவையெல்லாம் படம் பிடித்த இடத்திலேயே தாமாகப் பதிவானவை என்றுதானே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்? உண்மை அதுவன்று. அந்தச் செருப்பொலி அவள் காலிலிருந்து வந்ததன்று. இருட்டறை ஒன்றில், திரையில் ஓடும் படத்தைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு, வேறொருவர் நடந்து நடந்து உண்டாக்கிய ஒலி அது.

இந்த விந்தையான தொழிலுக்கு வழிகாட்டியாக விளங்கியவர் ஜாக் ஃபோலி என்னும் அமெரிக்கர். இன்று உலகெங்கும் இக்கலையை அவர் பெயராலேயே ‘ஃபோலி’ என்று அழைக்கிறார்கள். ஆனால் அவர் உயிரோடிருந்த காலத்தில், தாம் உழைத்த படங்களில் ஒன்றிலேனும் அவர் பெயர் திரையில் காட்டப்படவில்லை! இப்படியும் ஒரு வாழ்க்கை இருக்குமா என்று வியப்பாக இருக்கிறதல்லவா? அவ்வாழ்க்கையைச் சற்று விரிவாகக் காண்போம்.

இளமையும் இடப்பெயர்ச்சியும்

ஜாக் ஃபோலி 1891-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். அவர் பிறந்த காலத்தில் சினிமா என்ற ஒன்றே மக்கள் பார்வைக்கு வந்திருக்கவில்லை. பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் நகரில் பணம் பெற்றுக்கொண்டு முதன்முதலாக மக்களுக்குப் படம் காட்டியது 1895-ஆம் ஆண்டில்தான். ஆகவே, ஃபோலியும் சினிமாவும் ஏறத்தாழ ஒரே வயதுக் குழந்தைகள் என்று சொன்னாலும் தவறாகாது.

நியூயார்க்கின் கடுங்குளிர் ஃபோலிக்கு ஒத்துவரவில்லை. எனவே இளம் வயதிலேயே மனைவியுடன் நாட்டின் மறுகோடிக்கு, வெயில் நிறைந்த கலிபோர்னியா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் உள்ள பிஷப் என்ற சிற்றூரில் சில காலம் வாழ்ந்தார். கடையில் வேலை பார்த்தார். உள்ளூர்ச் செய்தித்தாளுக்குக் கட்டுரைகளும் எழுதினார்.

அந்த ஊருக்கு அப்போது ஒரு பெரிய சோதனை வந்திருந்தது. வேகமாக வளர்ந்துகொண்டிருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிநீர் போதவில்லை. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்று நீரை ஏறத்தாழ 375 கிலோமீட்டர் தூரம் கொண்டுசெல்லும் கால்வாய் ஒன்று 1913-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன்பின் பள்ளத்தாக்கின் உழவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தம் நிலங்களையும் நீர் உரிமையையும் நகரத்துக்கு விற்றுவிட்டார்கள். நீர் போனால் பயிர் போகும். பயிர் போனால் கடைத்தெருவும் போகும். ஊரே வெறிச்சோடிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது.

அப்போது ஃபோலிக்கு ஒரு யோசனை தோன்றியது. பின்னணியில் பனி மூடிய மலைகள், முன்னே பரந்த வெளி, பாறைகள், மணல் என்று பிஷப் ஊரைச் சுற்றிலும் இயற்கை ஓவியம் தீட்டி வைத்திருந்தது. குதிரை வீரர்கள் துரத்திக்கொள்ளும் படங்களை எடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? ஊர் வணிகர்களுடன் சேர்ந்து படக் கம்பெனிகளை அங்கே வரவழைக்க அவர் முயன்றார். படக்குழுக்களும் வந்தன. அவர்கள் வந்து தங்கியதால் உணவுக்கடை, தங்கும் விடுதி, குதிரை லாயம் எனப் பலருக்கும் பிழைப்புக் கிடைத்தது. பிறர் கண்ணில் படாததைக் கண்டுகொள்ளும் கூர்மை அவரிடம் அன்றே இருந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

இந்தத் தொடர்பே அவரைத் திரைத்துறைக்கு இழுத்துச் சென்றது. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கார்ல் லெம்லி என்பவர் 1915-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே யூனிவர்சல் சிட்டி என்ற மாபெரும் படப்பிடிப்பு நகரத்தைத் திறந்திருந்தார். அங்கே சேர்ந்த ஃபோலி, இன்ன வேலைதான் செய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. நடிகர்களுக்குப் பதிலாக ஆபத்தான காட்சிகளில் தோன்றினார், கதை எழுதினார், கடிதம், கைக்கடிகாரம், துப்பாக்கி போன்றவற்றை மிக அருகில் காட்டும் சிறு காட்சிகளைப் படமெடுத்தார். சிறுபணி என்று எதையும் ஒதுக்காத அந்தக் குணமே பின்னாளில் அவரைப் பெரும்பணிக்குத் தகுதியாக்கியது.

பேசத் தொடங்கிய படம்

அக்காலப் படங்கள் யாவும் ஊமைப் படங்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஊமைப் படக் கொட்டகையில் அமைதி நிலவியது என்று எண்ணிவிடக் கூடாது. திரைக்கு அருகே ஒருவர் பியானோ வாசிப்பார்; பெரிய அரங்குகளில் முழு வாத்தியக் குழுவே இருக்கும். சில இடங்களில் தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்புவதற்கும், தகரத் தகட்டை உலுக்கி இடியோசை எழுப்புவதற்கும் ஆட்கள் இருந்தார்கள். நாடக மேடையிலிருந்து வந்த பழைய வித்தைகள் அவை.

1927-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் வார்னர் சகோதரர்களின் ‘ஜாஸ் பாடகன்’ என்ற படம் நியூயார்க்கில் வெளியாயிற்று. திரையில் நடிகர் வாய் திறந்து பாடினார். சில வரிகள் பேசவும் செய்தார். மக்கள் மயங்கிப்போனார்கள். ஒரே நாளில் ஊமைப் படங்கள் பழைய சரக்காகிவிட்டன.

யூனிவர்சல் கம்பெனியின் நிலைமை சங்கடமாயிற்று. மிசிசிப்பி ஆற்றில் ஊர் ஊராகச் சென்று நாடகம் போடும் ஒரு கப்பலைப் பற்றிய ‘ஷோ போட்’ என்னும் கதையை அவர்கள் பெரும் பொருட்செலவில் ஊமைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒலி இல்லாமல் வெளியிட்டால் யார் பார்ப்பார்கள்? மறுபடியும் முழுவதும் எடுப்பதென்றால் பணத்துக்கு எங்கே போவது? எடுத்து முடித்த படத்துக்கே ஒலி சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. வானொலி அனுபவம் உள்ளவர் எவரேனும் இருந்தால் முன்வரலாம் என்று ஊழியர்களிடம் கேட்கப்பட்டது. முன்வந்தவர்களுள் ஒருவர் ஜாக் ஃபோலி. அப்போது அவருக்கு வயது 36-ஐத் தாண்டியிருந்தது. புதிதாக ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளும் வயதா இது என்று அவர் தயங்கவில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பெரிய திரை ஒன்று கட்டப்பட்டது. அதில் படம் ஓட, ஒரு புறம் வாத்தியக் குழு அமர்ந்து இசைத்தது. மறுபுறம் ஃபோலியும் தோழர்களும் நின்றுகொண்டு, திரையில் கூட்டம் கைதட்டும்போது கைதட்டினார்கள். கூட்டம் ஆரவாரிக்கும்போது ஆரவாரித்தார்கள். காட்சிக்கு வேண்டிய பிற ஓசைகளையும் எழுப்பினார்கள். இன்றுபோல இசையைத் தனியே, ஓசையைத் தனியே பதிவு செய்து பின்னர் விருப்பம்போல் கலக்கும் வசதி அன்று இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். இடையில் ஒருவர் தும்மிவிட்டால் போதும். அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்! ‘ஷோ போட்’ 1929-ஆம் ஆண்டு ஒலியோடு வெளிவந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டே அதற்கேற்ற ஓசையைக் கையாலும் காலாலும் உண்டாக்கும் முறை ஃபோலியின் வாழ்நாள் பணியாயிற்று.

ஏன் இந்தப் பாடு?

இங்கே ஒரு ஐயம் எழலாம். படம் பிடிக்கும்போதே நல்ல ஒலிவாங்கி வைத்து எல்லா ஓசையையும் பதிவு செய்துவிடலாமே, பிறகு ஏன் இந்தப் பாடு?

படப்பிடிப்பில் ஒலிவாங்கியை நடிகரின் வாயை நோக்கியே வைப்பார்கள். ஏனெனில் வசனம் தெளிவாக இருக்க வேண்டும். காலடி, துணி, பாத்திரம் இவற்றின் ஓசை அதில் சரியாக விழாது. மேலும் படப்பிடிப்பு அரங்கில் நாம் காணும் கற்சுவர் உண்மையில் பலகையும் காகிதமும். பளிங்குத் தரை வெறும் வண்ணம் பூசிய மரம். அதில் நடந்தால் மரத்தின் ஓசைதான் வரும். அரண்மனையின் ஓசை வருமா? வாளும் கேடயமும் பல நேரங்களில் இலேசான பொருளால் செய்தவை. அவை மோதினால் கணீர் என்று ஒலிக்காது.

மற்றொரு வியப்பும் உண்டு. உண்மையான ஓசை ஒலிவாங்கி வழியாக வரும்போது பல வேளைகளில் உண்மைபோல் தோன்றுவதில்லை! மழையின் சத்தத்தைப் பதிவு செய்து கேட்டால் வாணலியில் ஏதோ பொரிவது போலிருக்கும். ஆகவே, காதுக்கு உண்மையாகத் தோன்றும் பொய்யை அக்கலைஞர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தோல் பையில் சோள மாவை நிரப்பி அழுத்தினால் பனியில் நடக்கும் ஓசை கிடைக்கும். செலரி என்ற கீரைத் தண்டை முறித்தால் எலும்பு முறியும் ஓசை. கண்ணாடிக் காகிதத்தைக் கசக்கினால் நெருப்பு எரியும் ஓசை. தோல் கையுறைகளைப் படபடவென்று அடித்தால் பறவையின் சிறகடிப்பு. நம் வீட்டுச் சமையலறையே ஒரு பெரிய ஒலிக்கூடம் என்று தோன்றுகிறதல்லவா?

காலடிக் கலை

ஃபோலியின் தனித்திறமை காலடிகளில்தான் இருந்தது. திரைப்படம் நொடிக்கு 24 படங்கள் வீதம் ஓடுகிறது. 10 நிமிடம் ஓடும் ஒரு சுருளில் 14,400 படங்கள் இருக்கும். நடிகரின் கால் தரையைத் தொடும் அதே படத்தில் ஓசையும் விழ வேண்டும். இரண்டு மூன்று படங்கள் தள்ளிப்போனாலே ஏதோ பிசகு என்று பார்ப்பவர் மனம் கண்டுகொள்ளும். ஃபோலியோ துண்டு துண்டாகச் செய்யாமல், ஒரு முழுச் சுருளையும் ஒரே மூச்சில் செய்து முடிக்கும் ஆற்றல் பெற்றிருந்தார். காலால் நடந்துகொண்டே கையால் பொருள்களின் ஓசையையும் எழுப்புவார். திரையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடந்தால், கையில் ஒரு கைத்தடியை எடுத்துக்கொண்டு அதைத் தரையில் ஊன்றி மற்றவரின் காலடியையும் தாமே உண்டாக்கிவிடுவார்.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. நேரம் தவறாமல் காலை வைத்தால் மட்டும் போதாது என்பது ஃபோலியின் கொள்கை. ஒவ்வொரு மனிதருக்கும் ஒவ்வொரு நடை. அவருடைய காதில் ராக் ஹட்சனின் நடை நிதானமானது. டோனி கர்ட்டிஸின் நடை சுறுசுறுப்பானது. ஆடி மர்ஃபியின் நடை துள்ளலானது. மார்லன் பிராண்டோவின் நடை மென்மையானது. கோபத்தில் நடப்பவன் வேறு, துக்கத்தில் நடப்பவன் வேறு. எனவே நடப்பவர் தம்மை மறந்து அந்தப் பாத்திரமாகவே மாற வேண்டும். முதலில் நடிகனாக வேண்டும், பிறகுதான் நடக்க வேண்டும் என்று அவர் கருதினார். பெண்களின் காலடியையும் அவரே நடந்து தந்தார்.

தம் வாழ்நாளில் ஒலிக்கூடத்துக்குள்ளேயே 5,000 மைல் நடந்திருப்பதாக ஃபோலி கணக்குச் சொன்னார். அதாவது ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர்! நம் இந்திய நாட்டின் வடகோடி முதல் தென்கோடி வரை நீளம் 3,214 கிலோமீட்டர் என்று புவியியல் பாடத்தில் படித்திருக்கிறோம். அதைப்போல் இரண்டரை மடங்கு தூரத்தை அவர் ஓர் அறையை விட்டு வெளியேறாமலே, பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நடந்து முடித்திருக்கிறார். பிரபு ‘டிராகுலா’வின் கதையை 1931-இல் யூனிவர்சல் வெளியிட்டபோதும், அதன்பின் எத்தனையோ படங்களிலும் அந்தக் கால்கள் ஓயாமல் உழைத்தன.

சாவிக்கொத்து செய்த உதவி

திரையுலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1960-ஆம் ஆண்டு ‘ஸ்பார்டகஸ்’ என்ற படம் வெளிவந்தது. ரோமானியப் பேரரசை எதிர்த்து எழுந்த அடிமை வீரன் ஒருவனின் கதை அது. இயக்கியவர் ஸ்டான்லி குப்ரிக். நாயகனாக நடித்தவர் கிர்க் டக்ளஸ். ரோமானியப் படை அணிவகுத்து வரும் காட்சிக்காக ஸ்பெயின் நாட்டின் இராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் திரட்டப்பட்டிருந்தார்கள். காட்சி கண்ணுக்குப் பிரமாதமாக அமைந்துவிட்டது. ஆனால் கவசமும் ஆயுதமும் உராயும் ஓசைதான் சரியாகக் கிடைக்கவில்லை. மறுபடியும் கடல் கடந்து சென்று, படைவீரர்களைத் திரட்டிப் பதிவு செய்யலாமா என்றுகூட யோசனை நடந்ததாம். செலவை எண்ணிப் பாருங்கள்!

ஃபோலி வெளியே தம் காருக்குச் சென்றார். ஒரு பெரிய சாவிக்கொத்துடன் திரும்பி வந்தார். திரையில் படை நடக்க நடக்க, அதற்கேற்பச் சாவிக்கொத்தைக் குலுக்கினார். அவ்வளவுதான்! ஆயிரமாயிரம் வீரர்களின் கவசங்கள் ஒலிக்கத் தொடங்கின. பெரிய படையால் ஆகாத காரியத்தைச் சிறிய சாவிக்கொத்து செய்து முடித்தது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்களே, அது இதுதான் போலும்.

அந்தப் படம் 4 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. துணை நடிகருக்கு ஒன்று, ஒளிப்பதிவுக்கு ஒன்று, கலை அமைப்புக்கு ஒன்று, உடை அலங்காரத்துக்கு ஒன்று. கவசத்தைத் தைத்தவர்களுக்குப் புகழ் கிடைத்தது. அக்கவசத்துக்கு ஓசை தந்தவரின் பெயர் எங்கும் சொல்லப்படவில்லை.

பெயர் மறைந்ததும் பெயர் நிலைத்ததும்

ஏன் அவர் பெயர் காட்டப்படவில்லை? அக்காலப் படக் கம்பெனிகளில், எத்தனை பேர் உழைத்தாலும் ஒலிப்பிரிவின் தலைவர் பெயரைப் போடுவதே பெரும்பாலும் வழக்கம். கீழே உழைப்பவர்களின் பெயர்கள் படத்தின் தொடக்கத்திலும் வராது, முடிவிலும் வராது. மேலும் இந்தக் கலையின் இயல்பே ஒளிந்திருப்பதுதான். இந்தக் காலடி நன்றாக இருக்கிறதே என்று பார்ப்பவர் நினைத்துவிட்டால், அந்த நொடியே கலைஞர் தோற்றுவிட்டார் என்று பொருள். யாரும் கவனிக்காமல் இருப்பதே அவருக்கு வெற்றி. கைதட்டல் வாங்கும் ஓசையைப் படைத்தவருக்கே கைதட்டல் கிடைக்காத விந்தையை என்னவென்று சொல்வது!

இது நியாயமா என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வேலையைச் செய்தவரின் பெயரைச் சொல்வது அவருக்குச் செய்யும் உபகாரம் அன்று. அது அவருக்குரிய கடன். அந்தக் கடனை அவருடைய கம்பெனி அவர் வாழ்நாளில் தீர்க்கவில்லை. ஆயினும் ஃபோலி 30 ஆண்டுகளுக்கு மேலாக யூனிவர்சல் நிறுவனத்துக்காகவே உழைத்தார். 1967-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் மறைந்தார்.

ஆனால் கூட உழைத்தவர்கள் அவரை மறக்கவில்லை. அவர் செய்துவந்த முறையில் ஓசை எழுப்பும் இடத்தை ‘ஃபோலி மேடை’ என்றும், அப்பணியைச் செய்பவரை ‘ஃபோலி கலைஞர்’ என்றும் அவர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். அது பேச்சு வழக்கில் பரவி, எழுத்து வழக்கிலும் ஏறி, உலகம் முழுவதும் நிலைபெற்றது. அரசாங்கம் வைத்த பெயரன்று. கம்பெனி முதலாளி வைத்த பெயரன்று. தொழிலாளத் தோழர்கள் வைத்த பெயர் அது.

இன்று எந்தப் பெரிய படத்தின் முடிவிலும் நீண்டு ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ஃபோலி கலைஞர், ஃபோலி ஒலிப்பதிவாளர் என்ற சொற்களைக் காணலாம். ஒரு படத்திலும் பெயர் பெறாதவருடைய பெயர் இன்று ஏராளமான படங்களில் வருகிறது!

இன்றைய ஃபோலி கூடத்தில் மணல், சரளைக்கல், மரம், பளிங்கு, இரும்பு என விதவிதமான தரைகள் சிறு சிறு பாத்திகளாக அமைந்திருக்கும். ஒரு புறம் நூற்றுக்கணக்கான பழைய செருப்புகள் குவிந்திருக்கும். காலடிக்கு ஒருமுறை, துணி உராய்வுக்கு ஒருமுறை, பொருள்களின் ஓசைக்கு ஒருமுறை என மூன்று வகையாகப் பிரித்துப் பதிவு செய்வார்கள். இக்கலையில் பெண்களும் சிறந்து விளங்குகிறார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1982-இல் வெளிவந்த ‘ஈ.டி.’ படத்தில், வேற்றுலகச் சிறுவனின் கொழகொழப்பான நடைக்கு ஓசை தந்தவர் ஜோன் ரோ என்ற பெண் கலைஞர். பச்சை ஈரலையும் ஈரத் துணியில் பொதிந்த ஜெல்லியையும் பயன்படுத்தி அவர் அந்த ஓசையை உண்டாக்கினார். கணினி வந்த பிறகும் இக்கலை மறையவில்லை. இயந்திரத்தில் ஆயிரம் காலடிகள் சேமித்து வைத்திருந்தாலும், அழுதுகொண்டே நடக்கும் ஒரு தாயின் காலடியை அவளைப் பார்த்துப் பார்த்து நடந்து தர ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அயல்நாட்டுப் படங்களைத் தமிழில் பேச வைத்து வெளியிடுகிறார்களே, அப்போது மூலப் படத்தின் வசனம் நீக்கப்படுகிறது. படப்பிடிப்பில் அந்த வசனத்தோடு கலந்து பதிவான காலடி, துணி, கதவு ஆகியவற்றின் ஓசையும் உடன் போய்விடும். தமிழ்க் குரலோடு தனியே சேர்த்துக்கொள்வதற்காக, இசையையும் இவ்வகை ஓசைகளையும் மட்டும் கொண்ட பதிவு ஒன்றைப் படத்தயாரிப்பாளர்கள் அனுப்பி வைப்பார்கள். ஆகவே ஒரு ஹாலிவுட் நாயகன் நம் மொழியில் பேசிக்கொண்டே நடக்கும்போது, பேச்சு நம் நாட்டுக் கலைஞருடையது. முகம் அந்நாட்டு நடிகருடையது. காலடியோ பெயர் அறியாத மூன்றாம் மனிதர் ஒருவருடையது!

நாம் பெறும் பாடம்

தோழியரே, ஜாக் ஃபோலியின் வாழ்க்கையில் பெரிய போர்கள் இல்லை, அரியணை இல்லை, மேடைப் பேச்சுகள் இல்லை. இருந்தவை கூர்ந்த கண்ணும், பொறுமையான காலும், எந்த வேலையையும் இழிவாக எண்ணாத மனமும்தாம். ஒரு நடிகரின் நடையை அவர் கவனித்ததைப் போல, நம்மைச் சுற்றியுள்ளவர்களை நாம் என்றேனும் கவனித்ததுண்டா? விடியுமுன் எழுந்து அடுக்களையில் ஓசை எழாமல் நடக்கும் அம்மாவின் காலடி, இரவுப் பணி முடித்துக் களைத்து வரும் அப்பாவின் காலடி, நாம் வருமுன்னே வகுப்பறைகளைக் கூட்டி முடித்துவிடும் ஆயாவின் காலடி, தேர்வுக் காலத்தில் இரவு நெடுநேரம் விளக்கெரிய நம் விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியையின் காலடி – இவை எல்லாம் நம் வாழ்க்கைப் படத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

புகழ் வரும்வரை காத்திருந்து உழைப்பவர் பலர். புகழ் வராது என்று தெரிந்தும் குறைவறச் செய்பவர் சிலர். அந்தச் சிலருள் ஒருவராக ஃபோலி வாழ்ந்தார். அவரைப்போல் உழைக்க நாம் கற்றுக்கொள்வோம். அதோடு, அவருக்குக் கிடைக்காததை மற்றவர்களுக்குக் கொடுக்கவும் கற்றுக்கொள்வோம். நமக்காக மறைவில் உழைப்பவரின் பெயரை அறிந்து, அவர் காதில் விழும்படி சொல்லி, நன்றி கூறுவோம். இனி ஒரு படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும்போது உடனே எழுந்து ஓடாமல், ‘ஃபோலி’ என்ற சொல் வரும்வரை பொறுத்திருந்து பார்ப்போமா? அது ஒரு தொழிலின் பெயர் மட்டுமன்று. ஓர் அறைக்குள்ளேயே 5,000 மைல் நடந்த ஒரு மனிதரின் பெயர்.